கூப்பிட்டால் போலீஸ்! கூப்பிடாவிட்டால்?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை வைகைக் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தீபத்தன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் விடிய விடியக் கூட்டத்தை ஒழுங்கு செய்கிறார். வேளாங்கண்ணித் திருவிழாவில் வழி தவறிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயைத் தேடுகிறார். தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி வாசலில் நிற்கிறார். வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார். காக்கி உடை, தொப்பி, கையிலே தடி. பார்க்கிற ஜனங்கள் அவரைப் போலீஸ்காரர் என்றே நினைக்கிறார்கள். “ஏட்டையா” என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவரோ போலீஸ்காரர் அல்ல. ஊர்க்காவல் படையைச் சேர்ந்தவர். மறுநாள் காலையில் காக்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வண்ணம் பூசுகிற வேலைக்கோ, ஆட்டோ ஓட்டவோ, ஜவுளிக் கடையில் துணி மடிக்கவோ போய்விடுவார். போனால்தான் அடுப்பு எரியும்.

இவர்களில் தகுதியுள்ளவர்களை முழுநேரப் போலீசில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. மனு மேல் மனுவாகக் கொடுத்தும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றும் பார்த்துவிட்டார்கள். இந்தக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம். எந்த அளவுக்கு, எந்த நிபந்தனைகளோடு ஆதரிக்கிறோம் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது என்று கருதுகிறோம்.

நம் வாசகர்களில் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். “போலீஸ் தடியடியை நம்மைவிட அதிகம் வாங்கியவர்கள் யார்? 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிட்டீர்களா? வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா? போலீசுக்கு ஆள் சேர்ப்பதற்கு நம் பத்திரிகை ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் சேலத்தில் சுடச் சொன்னவன் ஒருவன். விசையை இழுத்தவன் இன்னொருவன். சொன்னவன் எங்கிருந்து வந்தான் என்பது நமக்குத் தெரியும். இழுத்தவன் நம் சேரியிலிருந்தும் நம் குப்பத்திலிருந்தும் வந்தவன். அவன் கையில் கூலியும் கொடுக்காமல், உத்தியோகமும் கொடுக்காமல், தடியை மட்டும் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு யாருக்கு நல்லது? போலீசுக்கும் நல்லதல்ல, தடியடி படுகிற நமக்கு நிச்சயமாக நல்லதல்ல. அதனால்தான் இந்த விஷயத்தைக் கையில் எடுக்கிறோம்.

ஊர்க்காவல் படை பிறந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். 1946 டிசம்பரில் பம்பாயில் வகுப்புக் கலவரம் மூண்டிருந்த நேரத்தில், போலீசுக்குத் துணையாக ஒரு தொண்டர் படையை அங்கே அமைத்தார்கள். அதிலிருந்துதான் டிசம்பர் 6ஆம் தேதி ஊர்க்காவல் படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1962இல் சீன யுத்தம் வந்தது. ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒவ்வொரு பெயரில் இருந்த தொண்டர் படைகளையெல்லாம் ஒரே மாதிரி அமைப்பாக்குங்கள் என்று மத்திய சர்க்கார் சொல்லிற்று. மறு வருஷமே, 1963இல், இங்கே அதற்குத் தனிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கற்பனையில் இருந்த ஊர்க்காவல் படைக்காரர் யார்? சொந்தமாகத் தொழிலோ உத்தியோகமோ உள்ளவர். வயிற்றுக்குக் கவலை இல்லாதவர். ஊருக்கு ஆபத்து என்றால் ஓரிரு நாள் வந்து உதவிவிட்டுத் திரும்புகிறவர். வக்கீல், வாத்தியார், கடை முதலாளி ஆகியோரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. இன்றைக்கும் படையின் மேல்பதவிகளில் அப்படிப்பட்டவர்களைக் காணலாம். அவர்களுக்கு அது ஒரு கௌரவம், நாம் குறை சொல்லவில்லை. வரிசையில் நிற்பவர் யார் என்று பாருங்கள். பத்தாவது படித்துவிட்டு வேலை கிடைக்காத வாலிபர். என்றைக்காவது போலீசில் எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையிலேயே சேர்ந்தவர். “சேவை” என்ற சொல்லைச் சர்க்கார் சொல்கிறது. “வேலை” என்ற சொல் அவர் காதில் விழுகிறது. இந்தக் காது மயக்கத்தைச் சர்க்கார் அறியாமல் இல்லை. அதை நம்பித்தான் படையே நடக்கிறது.

சட்டப்படி இவருக்கு என்ன நிலை? கூப்பிட்டு நிறுத்தியிருக்கிற நேரத்தில் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் இவருக்கும் உண்டு. கூப்பிட்டு வராவிட்டால் தண்டிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கூப்பிடாத நாளில் இவர் யார்? யாருமில்லை! மாதச் சம்பளம் கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. தொழிலாளி என்று சொல்லிச் சங்கம் வைத்துப் பேரம் பேசலாம் என்றால், “நீ தொண்டன், தொழிலாளி அல்ல” என்பார்கள். போலீஸ்காரருக்கும் 1966ஆம் வருஷச் சட்டத்தால் சங்க உரிமை கட்டுப்பட்டிருக்கிறது, உண்மைதான். அவருக்காவது முதல் தேதியில் சம்பளம் வருகிறது.

இந்த அநியாயம் ஒரு நாள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. இமாசலப் பிரதேசத்து ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு பகுதி. ஒன்று, இவர்களை நிரந்தரமாக்கும்படி உத்தரவிட முடியாது. இரண்டு, இவர்களுக்குக் கொடுக்கிற கடமைப்படி, முப்பது நாளுக்குக் கணக்கிட்டால் அந்த ராஜ்யத்துப் போலீஸ்காரர் பெறுகிற குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமாக வர வேண்டும். முதல் பகுதி கசப்பு. இரண்டாவது பகுதி இனிப்பு. நாடு முழுவதும் ஊர்க்காவல் படையினர் அந்த இனிப்பை எதிர்பார்த்து நாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? நாள் ஒன்றுக்கு 560 ரூபாய் என்று படியை உயர்த்தினார்கள். கேட்பதற்கு அழகான தொகை. ஆனால் கையோடு கையாக வேலை நாட்களைக் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் மாதத்துக்கு ஐந்து நாள்தான் பணி என்று வந்து நின்றது. ஐந்தை 560ஆல் பெருக்குங்கள்: 2,800 ரூபாய்! பத்து நாள் என்றே வைத்துக்கொண்டாலும் 5,600. கோர்ட்டு நாட்கூலியைப் பற்றித்தானே சொல்லிற்று, எத்தனை நாள் என்று சொல்லவில்லையே என்று எந்தச் செயலகத்து மேதை கண்டுபிடித்தாரோ நாம் அறியோம். அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 560ஐ முப்பதால் பெருக்கினால் 16,800. 2017இல் நடந்த சம்பளத் திருத்தத்தில் இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்கச் சம்பளம் 18,200 ரூபாய் ஆயிற்று. பஞ்சப்படி அதற்குமேல் தனி. ஆக, மாதம் முழுவதும் வேலை கொடுத்தாலும் 560 என்கிற தொகை கோர்ட்டு சொன்ன அளவை எட்டாது. போலீசின் சம்பளம் ஏறினால் படியும் ஏற வேண்டும் என்பதுதானே தீர்ப்பின் பொருள்? ஏணியின் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி வைத்தால் யார் ஏறுவது?

இங்கேதான் முழுநேர நியமனம் பற்றிய பேச்சு வருகிறது.

ஒரு பக்கம் ஆள் பற்றாக்குறை. 2020 ஜனவரி 1ஆம் தேதிக் கணக்குப்படி இந்தியா முழுவதும் அனுமதிக்கப்பட்ட போலீஸ் பதவிகள் 26 லட்சத்துக்கு மேல். அவற்றில் காலியாகக் கிடந்தவை 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். ஐந்தில் ஒரு நாற்காலி காலி. இருக்கிறவர் இல்லாதவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார். தூக்கம் இல்லை, வார விடுப்பு இல்லை, அந்த எரிச்சல் எல்லாம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஏழை தலையில் இறங்குகிறது. இன்னொரு பக்கம், நாடு முழுவதும் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட பதவிகள் கொண்ட ஊர்க்காவல் படை. அணிவகுப்புத் தெரியும், கூட்டத்தைக் கையாளத் தெரியும், ஊரின் சந்து பொந்து தெரியும். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்த மனிதருக்கும் தோன்றுகிற யோசனையே ஊர்க்காவல் படையினருக்கும் தோன்றியிருக்கிறது. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

படிப்பு போதாது என்பார்களா? இரண்டாம் நிலைக் காவலருக்குக் கேட்கப்படுவதே பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். அதைத் தாண்டிப் பட்டம் பெற்றவர்களும் ஊர்க்காவல் படையில் இருக்கிறார்கள். உயரம், மார்பளவு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் எல்லோருக்கும் பொது. அதில் சலுகை வேண்டாம். வழியை அடைத்து நிற்பது வயது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிற தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 31 என்று உச்ச வயது வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் ஊர்க்காவல் படையில் சேர்ந்தவர், “அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று காக்கியோடு நின்றுகொண்டிருக்கும்போதே அந்த வயது கடந்து போகிறது. சர்க்காருக்காக நின்றதால்தான் படிக்க நேரமில்லை; சர்க்காருக்காக நின்றதால்தான் வயதும் போயிற்று. அந்த வருஷங்களைச் சர்க்காரே கழித்துக் கொடுப்பதுதானே முறை? முன்னாள் ராணுவத்தினருக்கு 47 வயது வரை இடம் கொடுக்கவில்லையா? அவர்களுக்கு 5 சதவிகிதம், விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவிகிதம் என்று தனி ஒதுக்கீடு வைக்கவில்லையா? மராட்டியத்தில் போலீஸ் நியமனத்தில் ஊர்க்காவல் படையினருக்கே 5 சதவிகிதம் என்று வைத்திருக்கிறார்கள். வானம் அங்கே இடிந்து விழுந்துவிடவில்லை.

நம் ராஜ்யத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2013இல் தமிழ்நாடு சிறப்புக் காவல் இளைஞர் படை என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். சுமார் பத்தாயிரம் வாலிபர்கள். மாதம் 7,500 ரூபாய் தொகுப்பூதியம். ஒரு வருஷம் பணி செய்தபின் தனித்தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலராகலாம் என்று சொன்னார்கள். அந்தத் திட்டத்தின் மீது நமக்குக் குறை உண்டு. முழு வேலைக்கு அரைச் சம்பளம் என்பதே அதன் அடித்தளம். போலீஸ் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களைத் தபால் கொண்டு போகவும் எடுபிடி வேலைக்கும் அலைய விட்டார்கள் என்ற குமுறலும் எழுந்தது. ஆனாலும் அதில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தேர்வெழுதி நிரந்தரப் போலீசில் சேர்ந்தார்கள். ஒரு வருஷம் நின்றவர்களுக்குத் திறந்த கதவு, பத்து வருஷம் நின்றவர்களுக்கு ஏன் திறக்கக் கூடாது?

“உமாதேவி வழக்கு குறுக்கே நிற்கிறது” என்று அதிகாரிகள் சொல்வார்கள். தற்காலிக ஊழியர் எவர் வாயைத் திறந்தாலும் அவர்கள் எடுத்து நீட்டுகிற தாயத்து அது. 2006 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு கொடுத்த தீர்ப்பு. முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர்களை அப்படியே நிரந்தரமாக்கக் கூடாது என்பது அதன் சாரம். சரி. தேர்வு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தனி ஒதுக்கீடு, வயதுத் தளர்வு, அதற்குள் போட்டித் தேர்வு என்றால் உமாதேவி எங்கே குறுக்கே வருகிறார்? தவிர, அந்தத் தீர்ப்பை நீண்டகால ஊழியர்களை ஏய்க்கிற ஆயுதமாக்காதீர்கள் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்திருக்கிறது. பழைய தீர்ப்பை மனப்பாடம் செய்திருக்கிற கனவான்கள் புதியதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இவ்வளவும் சொன்னபின், நம் நிபந்தனைகளுக்கு வருகிறோம். தோழர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஏனென்றால் “துணைப்படையில் இருந்தவர் எல்லோரையும் எடுத்துக்கொள்” என்று கண்ணை மூடிக்கொண்டு கோஷம் போடுவது ஆபத்து.

சத்தீஸ்கரைப் பாருங்கள். பஸ்தர் காட்டுப் பகுதியில் ஆதிவாசி வாலிபர்களை ‘விசேஷப் போலீஸ் அதிகாரிகள்’ என்று சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம், சொற்ப நாள் பயிற்சி, கையில் துப்பாக்கி. எதிரே நிற்பவரும் ஆதிவாசி. நந்தினி சுந்தர் முதலியோர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜார் ஆகியோர் 2011 ஜூலை 5ஆம் தேதி, இது அரசியல் சாசனத்தின் 14ஆவது, 21ஆவது ஷரத்துகளுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, துப்பாக்கிகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். சத்தீஸ்கர் சர்க்கார் என்ன செய்தது? அந்த வருஷமே துணை ஆயுதப் போலீஸ் என்று ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்து, அதே வாலிபர்களை அதே துப்பாக்கியோடு முழுநேரப் படையாக்கிவிட்டது! பெயர்ப் பலகை மாறிற்று, சம்பளம் கூடிற்று, அவர்கள் மீது கிராமத்து ஜனங்கள் சொன்ன புகார்கள் காற்றில் போயின. அந்தச் சட்டத்தைக் கோர்ட்டு அவமதிப்பு என்று சொல்ல முடியாது என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே வழக்கை முடித்துவைத்தது. முழுநேர நியமனம் என்பது இப்படியும் நடக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? மேற்கு வங்கத்தில் ‘சிவிக் வாலண்டியர்’ என்று ஒரு கூட்டத்தைப் போலீசோடு சேர்த்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றவன் அப்படிப்பட்ட ஒரு வாலண்டியர். இவர்களை யார், எந்த முறையில் பொறுக்கி எடுக்கிறீர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு அந்த சர்க்காரைக் கேட்டது. இங்கே சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டபோது, ‘போலீஸ் நண்பர்கள் குழு’ என்ற பெயரில் ஸ்டேஷனில் வளைய வந்தவர்கள் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அந்தக் குழுவுக்குத் தடை போட நேர்ந்தது.

ஊர்க்காவல் படை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்குச் சட்டம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டால்தான் முழுநேர நியமனக் கோரிக்கைக்கு மரியாதை. ஆகவே, படைக்கு ஆள் எடுக்கும் முதல் நாளிலேயே பகிரங்க விளம்பரம் வேண்டும். இன்ஸ்பெக்டரின் வேண்டியவர், ஆளுங்கட்சி வட்டாரத் தலைவரின் மைத்துனர் என்ற சிபாரிசு உள்ளே நுழையக் கூடாது. 69 சதவிகித இடஒதுக்கீடு அந்த வாசலிலேயே கறாராக நடக்கட்டும். வாசலில் தவறவிட்டால் முழுநேர நியமனத்திலும் அது தவறும். மூன்று வருஷமாவது குறைவில்லாமல் பணி செய்திருக்க வேண்டும். அவர் மீது வந்த புகார்கள் எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். தேர்வை வாரியம் நடத்தட்டும். தேறியவருக்கு, நேரடியாக வந்தவர் பெறுகிற அதே முழுப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். “இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்று பயிற்சியைச் சுருக்குவதற்கு நாம் சம்மதியோம். கூட்டத்தில் கயிறு பிடிப்பது வேறு. ஒரு மனிதரைக் கைது செய்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுபோய் நிறுத்துவது வேறு.

எதிர்த் தரப்பில் ஒரு வாதம் நம் மனத்தைத் தைக்கிறது. கிராமத்து நூலகத்திலும், தெருவிளக்கின் கீழும் உட்கார்ந்து போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற வாலிபர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகுகிறார்கள். “எங்கள் தட்டிலிருந்து எடுத்து அவர்களுக்குப் போடுவதா?” என்று அவர்கள் கேட்டால் அதில் தவறில்லை. அவர்களும் ஏழைகள் பிள்ளைகளே. அதனால்தான் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து என்ற அளவோடு நாம் நிற்கிறோம். அந்த இடங்களும் காலிப் பதவிகளை முழுவதும் நிரப்புகிறபோது கூடுதலாக வருகிறவையாக இருக்க வேண்டும். ஏழையோடு ஏழையை மோதவிட்டு, காலி நாற்காலிகளைக் காலியாகவே வைத்திருந்து, சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற தந்திரம் சர்க்கார்களுக்குப் பழக்கமானது. ஆளுகிற கட்சியின் கொடி எந்த நிறமாக இருந்தாலும் நிதி இலாகாவின் பென்சில் ஒரே மாதிரிதான் எழுதுகிறது.

தேர்வில் தேறாதவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் கதி என்ன? பெரும்பாலோர் அவர்கள்தான். ஒதுக்கீடு வந்துவிட்டது என்று சொல்லி அவர்களைக் கைகழுவிவிடக் கூடாது. நாட்படியைப் போலீசின் சம்பளத்தோடும் பஞ்சப்படியோடும் பிணைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் மனுப்போட வேண்டியதில்லை. மாதத்துக்கு இத்தனை நாளுக்குக் குறையாமல் பணி என்று உத்தரவிலேயே எழுத வேண்டும். பந்தோபஸ்தில் காயம் பட்டாலும் உயிர் போனாலும், பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் குடும்பத்துக்குக் கிடைக்கிற அதே தொகை இவர் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். சரிகிற தேரோ, தடுப்பை மீறி வருகிற லாரியோ, இவர் நிரந்தரமா தற்காலிகமா என்று விசாரித்துவிட்டு வருவதில்லை.

போலீஸ் மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வருகிறபோது நம் உறுப்பினர்கள் மந்திரியைக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஜில்லாவாரியாக ஊர்க்காவல் படையில் எத்தனை பேர்? கடந்த மூன்று வருஷங்களில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக மாதம் எத்தனை நாள் பணி கொடுக்கப்பட்டது? அதே காலத்தில் அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் வயது கடந்துவிட்டதால் விண்ணப்பமே போட முடியாமல் நின்றார்கள்? 2015ஆம் வருஷத் தீர்ப்பின்படி நாட்படியைக் கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினீர்கள்? கணக்கு இலாகாவில் இல்லாத விவரம் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. மந்திரி அவர்கள் அதை அச்சிட்டுச் சபையின் மேஜைமீது வைக்கட்டும். ஊர்க்காவல் படையினர் அமைப்புகளுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். அவர்களுடைய அடுத்த மனுவை அந்த எண்களை வைத்தே எழுதிக்கொள்வார்கள்.